சிப்செட் சித்தரின் இருபத்தைந்து வினாடி

காலை ஒன்பது மணிக்கே மாடிப்படி நிறையக் கூட்டம். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. தடுப்பூசிக்குக் கைக்குழந்தையைத் தூக்கிவந்தவர்கள் மாதிரி இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் பெட்டியை மாற்றிக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, டியூஷன் வாத்தியார் எல்லாருமே நாலெழுத்து படித்தவர்கள். படிக்காதவர் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

மாடியில் எழுந்தருளியிருந்தவர் சிப்செட் சித்தர். காவி கிடையாது, தாடி கிடையாது. காலம் மாறிவிட்டதல்லவா! நீலச் சட்டை, கழுத்தில் கறுப்பு நாடா, நாடாவின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிஸ்க். மெதுவாக ஓடும் மிஷினை வேகமாக்குகிற அருள் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அருளின் முழுப்பெயர் 'ஆப்ஷனல் சிப்செட் ஸ்டோரேஜ் டிரைவர்'.

டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை. டிஸ்க்கும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள உதவுகிற சின்ன மென்பொருள். அது எல்லா மிஷினிலும் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மிஷினின் போர்டையும் அதன்மேல் உள்ள சிப்செட் என்கிற சில்லுகளையும் செய்த கம்பெனி, தன் பங்குக்கு இன்னொன்றை வலைத்தளத்தில் இலவசமாகவே வைத்து, பக்கத்தில் 'தேவைப்பட்டால் மட்டும்' என்று நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறது. சித்தர் பிழைப்பு நடத்தியதே அந்த நேர்மையை வைத்துத்தான்.

"ஆப்ஷனல்னு ஏன் போட்டிருக்கான் தெரியுமா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார் சித்தர். "எல்லாரும் போட்டா எல்லா மிஷினும் பறக்கும். அப்புறம் புது மிஷினை எவன் வாங்குவான்? அதான் ஒளிச்சு வச்சிருக்கான்!"

"ஆமா ஆமா" என்றது மாடிப்படி. கம்பெனிக்காரன் ஒளித்துவைப்பதாக இருந்தால் எதற்கு ஊரறிய வலைத்தளத்தில் வைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

அச்சகத்து ஆபரேட்டரம்மா தன் முதலாளியோடு வரிசையில் நின்றிருந்தாள். பதினோரு வருஷமாகப் பக்கம் வடிவமைக்கிறவள். அச்சகத்தின் பெட்டி அவள் இடுப்பில்தான் இருந்தது. முதலாளியின் இடுப்பு சும்மா இருந்தது.

"மிஷின்ல குறையா, உன் கையில குறையான்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோயிடும்மா" என்றார் முதலாளி, ஏதோ சலுகை தருகிறவர் போல.

அவள் இந்த மாடிக்கு வரவே பயந்தாள். காரணம் சித்தர் தருகிற உத்தரவாதம். 'என் கை பட்ட மிஷின்ல இனிமே வேகம் குறையாது. குறைஞ்சா அது ஆளோட குறை.' ரத்தப் பரிசோதனை நடத்தும் லேப்காரர் போன மாதம் இப்படித்தான் ஒரு மிஷினுக்கு அருள் வாங்கிப் போனார். மறுநாளே அது பழையபடி நகர மறுத்தது. லேப்காரர் மிஷினைச் சந்தேகிக்கவில்லை. டைப்பிஸ்ட் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண் ஆபரேட்டரம்மாவின் பக்கத்து வீடு. மூன்று வாரமாக அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்தது தன் முறை என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரிந்தது. பழைய டிஸ்க்கை மாற்றுங்கள் என்று இரண்டு வருஷமாக முதலாளியிடம் கெஞ்சியதெல்லாம் இனி எங்கே எடுபடப்போகிறது?

அச்சகத்தின் முறை வந்தது. பெட்டியை மேஜையில் வைத்து வயர்களை மாட்டினார்கள். சித்தர் மிஷினிலிருந்த ஒரு படக்கோப்புறையைத் தேர்ந்தெடுத்து, தன் கழுத்து டிஸ்க்கைக் கழற்றி மாட்டி, அதற்குக் காப்பி போட்டார்.

"முன்னாடி நிலைமையை எல்லாரும் பாத்துக்குங்க!"

மிஷின் முனகியது. பச்சைக் கோடு ஊர்ந்தது. மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. கூட்டம் 'த்சொ த்சொ' என்று உச்சுக்கொட்டியது.

காப்பி ஆனதை அழித்துவிட்டு, சித்தர் கண்ணை மூடிக்கொண்டு டிரைவரை ஏற்றினார். டிரைவர் ஏற்றுவதற்கும் கண்ணை மூடுவதற்கும் என்ன சம்பந்தம் என்பது அவருக்கே வெளிச்சம். அப்புறம் அதே கோப்புறை, அதே டிஸ்க். கோடு சரசரவென்று ஓடியது. இருபத்தைந்து வினாடி!

கைதட்டல் மாடிப்படி வழியாகத் தெருவரைக்கும் இறங்கியது. முதலாளி ஆபரேட்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். 'இனிமே தாமதம் ஆனா குறை உன் கையிலதான்' என்றது அந்தப் பார்வை.

"டிரைவர் போட்டதும் மிஷினை அணைச்சு ரீஸ்டார்ட் பண்ணலையே சார்?" என்றாள் அவள்.

"என் டிரைவர் ரீஸ்டார்ட் கேக்காதும்மா. அதோட மகிமையே அதுதான்."

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அன்றைய பக்கங்களை அவள் இரண்டு முறை காப்பி எடுப்பாள். ஒன்று முதலாளியின் டிஸ்க்குக்கு, ஒன்று பாதுகாப்புக்கு. முதல் காப்பி முடிவதற்குள் நிதானமாக ஒரு டீ குடித்துவிடலாம். இரண்டாவது காப்பிக்கு டம்ளரைக் கழுவக்கூட நேரம் இருக்காது. பதினோரு வருஷமாக அப்படித்தான். எந்தச் சித்தரும் வந்து கண்ணை மூடியதில்லை.

அவள் திரும்பினாள். அடுத்ததாக நின்றவர் சாட்சாத் அந்த லேப்காரரே! இரண்டாவது மிஷினோடு வந்திருந்தார்.

"சார், உங்க மிஷினைக் கொஞ்சம் வைங்க. டிரைவர் போட வேண்டாம். ஒண்ணுமே போடாம, ஒரே கோப்புறையை ரெண்டு தடவை காப்பி பண்ணிப் பாப்போம்."

சித்தரின் கண் இப்போது நன்றாகவே திறந்திருந்தது. "அதெல்லாம் கூடாதும்மா! டிரைவர் போடாம ரெண்டு தடவை இழுத்தா சிப்செட் சூடாயிடும்."

"நான் தினமும் இழுக்கறேன் சார். இதுவரைக்கும் ஆறிப்போயேதான் இருக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தால் போதுமே. "பண்ணித்தான் பாக்கட்டுமே!" என்றார் டியூஷன் வாத்தியார். காசா பணமா, வேடிக்கைதானே! லேப்காரர் தயங்கித் தயங்கிப் பெட்டியை வைத்தார். அவள் சித்தரின் டிஸ்க்கையே அதில் மாட்டினாள்.

முதல் காப்பி. நான்கு நிமிஷம் பத்து வினாடி. அவள் அதை அழித்தாள். வேறு எதையும் தொடவில்லை. இரண்டாவது காப்பி. கூட்டம் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தது. இருபத்தெட்டில் முடிந்தது.

"சித்தர் பக்கத்துல நிக்கறார்ல, அதான் காத்துலயே பரவியிருக்கு!" என்றார் மருந்துக்கடைக்காரர். பக்தி என்றால் இது பக்தி!

"அப்படியா? சரி, எங்க மிஷினுக்கு வருவோம். அதுல அருள் நேரடியாவே இறங்கியிருக்கு" என்ற ஆபரேட்டரம்மா, அச்சகத்து மிஷினை முழுக்க அணைத்தாள். மறுபடி போட்டாள். அதே கோப்புறை, அதே டிஸ்க், சித்தரும் அதே இடத்தில்தான். ஊர்ந்தது கோடு. மூன்று நிமிஷம் முப்பத்தெட்டு.

"ரெண்டு வினாடி மிச்சம்" என்றான் வரிசையில் ஒருவன்.

"முதல் தடவை பழைய டிஸ்க்குல தேடித் தேடி எடுக்குது. எடுத்ததை மெமரியில ஞாபகம் வச்சுக்குது. ரெண்டாவது தடவை அந்த ஞாபகத்துலேர்ந்து குடுக்குது. அணைச்சா ஞாபகம் போயிடும். அவ்வளவுதான் சங்கதி" என்றாள் அவள். "இந்த டிரைவரும் திருட்டு டிரைவர் இல்லை. நாலு டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி கட்டியிருந்தாலோ, கம்பெனியே ஒரு கோளாறைச் சொல்லி இதைப் போடுன்னாலோ போடணும். இல்லேன்னா இருக்கறதே போதும். கிழட்டு டிஸ்க்கை எந்த டிரைவரும் குமரியாக்காது."

சித்தர் டிஸ்க்கைப் பிடுங்கி நாடாவோடு சட்டைப்பைக்குள் போட்டார். "எனக்கு அவசரமா ஒரு கால் வருது" என்றார். போன் மேஜையில் கிடந்தது. அதையும் எடுக்க மறந்து, பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் புகுந்து படியிறங்கினார். வினாடி எண்ணிய அதே வாய்கள் இப்போது அவர் இறங்கும் படிகளை எண்ணி விரட்டின.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நாளைக்கே புது டிஸ்க் வாங்கிடலாம்மா" என்றார். இந்த முறை பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார்.

அவள் பெருமூச்சு விடுவதற்குள் மருந்துக்கடைக்காரர் தன் பெட்டியை அவள்முன் நீட்டினார். "அம்மா, உங்க கை ராசியான கை. நீங்களே ஒரு தடவை இதைத் தொட்டுக் குடுத்துடுங்களேன்!" அவருக்குப் பின்னால் புது வரிசை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் லேப்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... எங்க டைப்பிஸ்ட் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

இதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் அவள் குரலில் ஏறிவிட்டது.

"மூணு வாரமா வேலையில்லாம அழுதுக்கிட்டு இருக்கா சார். போய் அவ வாசல்ல நின்னு இதைக் கேளுங்க. இத்தனை பேர் வரிசையில நின்னீங்க. ரெண்டாவது தடவை காப்பி பண்ணிப் பாப்போம்னு ஒருத்தருக்குக்கூடவா தோணலை? பெட்டியை மட்டும் இவ்வளவு பத்திரமா இடுப்புல தூக்கிட்டு வந்தீங்களே, மூளையை யார்கிட்ட குடுத்துட்டு வந்தீங்க?"