வரைபடத்தில் இல்லாத நதி பற்றி மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எங்கள் புவியியல் டீச்சரைத் தவிர எல்லோரும் நலம்.

சனிக்கிழமை எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லித்தர நீங்கள் வருவதாக அம்மா சொன்னாள். அதற்குமுன் இங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் டீச்சர் வினாத்தாளில் 'பொருத்துக' எப்போதும் ஐந்துக்கு ஐந்துதான். ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. இந்தமுறை பாடத்தில் நான்கு நதிகள்தான் கிடைத்தன, ஐந்தாவதை ஏஐயிடம் கேட்டார், அதுவும் தயங்காமல் ஒன்றைக் கொடுத்துவிட்டது. பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் நம்பிவிடுவீர்கள், அவ்வளவு அழகு. டீச்சர் காட்டிய இடத்தில் வகுப்பே வரைபடத்தில் அதற்கு நீலம் தீட்டியது. எங்கள் வகுப்பு வாயாடி அதில் ஒரு படகும் விட்டாள். நூலக அட்லஸில் அந்த நதி இல்லை. பிழை அட்லஸில்தான் என்று பதிப்பகத்தாருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். அது எந்த இடத்தில் கடலில் சேர்கிறது என்று தெரிந்தால் கடிதம் முழுமையாகிவிடும் என்று டீச்சரைக் கேட்டேன், அவர் ஏஐயைக் கேட்டார். "மிக நல்ல கேள்வி! மன்னிக்கவும், அப்படியொரு நதி இல்லை" என்றதாம்.

மறுநாள் டீச்சர் வகுப்புக்கு வந்து, "புள்ளைங்களா, அந்த நதியை அழிச்சிடுங்க" என்றார்.

"கலர் அடிச்சாச்சே டீச்சர், அழியாது!"

"வத்திப்போச்சா டீச்சர்?" என்றாள் வாயாடி.

"வத்தலைம்மா. இருந்ததே இல்லை."

அவர் குரலைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அறையில்தான் சிரிப்பு அடங்கவில்லை. வரலாற்று சார் தினமும், "என்ன டீச்சர், உங்க நதியில இன்னிக்குத் தண்ணி வருதா?" என்கிறார். வரைபடச் சுருளை வைக்கப் போனபோது, தலைமையாசிரியரிடம் டீச்சர் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுத்த வருஷம் எனக்கு நூலகத்தைக் கொடுத்திடுங்க சார். புவியியல் வேண்டாம்." மாமா, ஒரு ஈரத்துணியையும் மேசை விசிறியையும் வைத்துக்கொண்டு மழை எப்படி வருகிறது என்று காட்டியவர் அவர். அவர் போய்விட்டால் எங்களுக்கு மழை புத்தகத்தில் மட்டும்தான் பெய்யும்.

ஆகவே தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்: அந்த இயந்திரம் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே முகத்தோடு சொல்லும், நம்பியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், அடுத்தமுறை அட்லஸைப் பிரித்தால் போதும். நதிக் கதையை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அப்பா சாக்கடையில் பைக்கை விட்டதைக் கல்யாண வீட்டில் நீங்கள் நடித்துக் காட்டியதை அம்மா இன்னும் மறக்கவில்லை.

அத்தைக்கு வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தங்கள்.

உங்கள் நலத்தையும் நாவடக்கத்தையும் வேண்டும்
மருமகள்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டீச்சரே என்னைக் கூப்பிட்டார். "வர்றது உங்க மாமாவாமே? முதல்ல மைக்கை என்கிட்ட கொடுக்கச் சொல்லு. நதிக் கதையை நான்தான் சொல்லுவேன்."

"நூலகம் வேண்டாமா டீச்சர்?"

"எங்க போறது? வரலாற்று சார் ஏஐ போட்ட வினாத்தாளைத் தூக்கிட்டு வந்து, 'கொஞ்சம் பார்த்துக் கொடுங்க டீச்சர், பயமா இருக்கு'ங்கிறார். இப்போ எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க."

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் நீங்கள் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் போதும்.