தாக்கும் தூரம் நாற்பது அடி

மனைவிக்குப் பயப்படாமல் ஒரு புத்தகம் எழுதுவது என்று போன ஆனி மாதம் முடிவு செய்தேன். பயப்படாமல்தான் எழுதினேன். பயந்துபோய்ப் புனைபெயரில் வெளியிட்டேன்.

முதலில் என் வீரப் பிரதாபத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஆறு நாள் நான் கோகுல்நாத், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வஜ்ரகேது, ஒன்பதாம் படி மாவீரன். வேலந்தாவளத்தில் ஜோமோனின் போட்டோஸ்டாட் கடை மாடியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, காகிதத்தில் பூதங்களைக் கொல்வோம். கதையை நடத்துகிறவன் ஜோமோன். பூதம் செத்தது என்று அவன் சொன்னால்தான் செத்தது.

வீட்டில் இந்த வீரத்துக்கு இருந்த மரியாதை இவ்வளவுதான்.

"ஏனுங்க, இன்னைக்கு எத்தனை பூதமுங்க?"

"மூணு."

"அப்படீங்களா? கையோட கையா கட்டுத்தரைல சாணியும் வழிச்சுப் போட்டுருங்க. அதுவும் பூதமாட்டத்தான் கெடக்குது."

என் மனைவி பிரதீபாவுக்குச் செவலை என்று ஒரு கறவை மாடு. விடியும் முன்னே எழுந்து பால் பீச்சி, போசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். மூன்று மாதமாக வலது தோள் வலிக்கிறது, காலையில் மட்டும் மாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டது உண்மை. எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று நான் சொன்னதும் உண்மை. ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு என்பது கூடுதல் உண்மை. அதைச் சொல்லிக்காட்டினாள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் புத்தகம்.

எங்கள் விளையாட்டுக்கு ராட்சதப் பட்டியல் என்று தலையணை பருமனில் ஒரு நூல் உண்டு. அதைக் கேலி செய்து பதினாறு பக்கத்தில் 'பாதாளக் கட்டுத்தரை' என்று ஓர் இதழ் தயாரித்தேன். ஆசிரியர்: கருந்தேள் சித்தர். நாலாம் பக்கம்தான் அதன் உயிர்.

'ஊட்டு யட்சி. வாழிடம்: வீரனின் வீடு. உயிர்ப்புள்ளி: எண்ணி முடித்தவர் எவருமில்லை. ஆயுதம்: ஏனுங்க என்ற ஒரே சொல். விளைவு: கேட்ட வீரன் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, என்ன என்பான். தாக்கும் தூரம்: நாற்பது அடி. தற்காப்பு: கிடையாது.'

ஜோமோன் கடையிலேயே நாற்பது பிரதி போட்டோம். பாதி தாள் பாழ். ஜோமோன் ஒரு தாளையும் வீணாக்க மாட்டான், கெட்ட தாளின் பின்பக்கத்தில் அடுத்து வருகிறவருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்துவிடுவான். மற்றபடி கோயம்புத்தூர் முதல் கொச்சி வரை உள்ள விளையாட்டுக் குழுக்கள் செல்போனில் படித்துச் சிரித்தன. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர், 'எங்க லயத்துல மட்டும் இது எட்டு இருக்குண்ணே' என்று எழுதினார். கல்யாணம் ஆகாதவர்கள் சிரித்தார்கள். ஆனவர்கள் தனியாகக் கூப்பிட்டு அழுதார்கள்.

புகழ் தலைக்கேறியதும் ஒரு சட்டம் போட்டேன். இதழில் அச்சாவது எல்லாம் எங்கள் ஆட்டத்தில் செல்லும். வஜ்ரகேதுவுக்கு ஒரு பறக்கும் சைக்கிள் தேவைப்பட்டது, அதற்காக.

இரண்டாம் இதழுக்குக் கடை முகவரிக்குத் தபாலில் ஒரு படைப்பு வந்தது. டைப் அடித்திருந்தது. அனுப்பியவர்: வடகரை வேதாளம். தலைப்பு: இருபத்தொரு விடியல் சாகசம். வீரன் நிஜமாகவே விடியலில் எழ வேண்டும். செந்நிற டிராகனின் குகையைத் துப்புரவாக்க வேண்டும். தன் கையாலேயே அமுதம் கறக்க வேண்டும். கதவு சாத்துமுன் வெள்ளைக் கோபுரத்தில் சேர்த்து, கொழுப்பு அளவு போட்ட சீட்டை வாங்க வேண்டும். இருபத்தொரு சீட்டுக்குப் பத்தாம் படியும் டிராகன்பல் வாளும் பரிசு. கூடவே ஒட்டிய கவர் ஒன்று, மேலே 'ஜெயித்தவன் மட்டும் பிரிக்க' என்று எழுதி.

எனக்குப் புல்லரித்தது. டிராகன் என்பது மாடு, கோபுரம் என்பது பால் சொசைட்டி என்று உடனே புரிந்தது. எங்கள் நாலு பேரில் மாடு இருப்பது என் ஒருவன் வீட்டில்தான் என்பது அதைவிட வேகமாகப் புரிந்தது. ஓர் எழுத்துகூட மாற்றாமல் அச்சேற்றினேன்.

"எழுத்துன்னா அதுதான் பிரதீபா எழுத்து. எனக்கு நிகரா ஒருத்தன் இருக்கான்" என்று வீட்டில் சொன்னேன். எதைப் பற்றி என்று மட்டும் சொல்லவில்லை.

"எழுதுனது ஆம்பளைங்களா பொம்பளைங்களா?"

"பொம்பளையால முடியற காரியமா அது?"

"அதுவுஞ் செரிதானுங்க" என்று அவள் வெங்காயம் நறுக்கினாள்.

இனி பிரதீபாவை ஏமாற்ற வேண்டும். பத்தாம் படிக்காகச் செய்கிறேன் என்று தெரிந்தால் மானம் போய்விடும். பாசத்துக்காக என்று நம்ப வைத்தால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"நாளையிலருந்து செவலையை நான் பாத்துக்கறேன்."

"ஏனுங்க, காய்ச்சலா?"

"உன்ற தோள்வலியைப் பாத்து மனசு கேக்கலை."

"மூணு மாசமாக் கேட்டுச்சுங்களே?"

"இப்பக் கேக்கலை."

"வேண்டாமுங்க. சூப்பர்வைசர் சாணி அள்றாருன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்!"

"உங்களுக்குப் பீச்சத் தெரியாதுங்க."

"கத்துக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன், ஒருக்கா விட்டுக்குடு."

"என்னமோ போங்க. இருபத்தொரு நாளைக்கு மேல தாங்க மாட்டீங்க."

அவள் ஏன் குறிப்பாக இருபத்தொன்று என்றாள்? கேட்டிருக்க வேண்டும். ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாள் செவலை என்னை உதைத்தது. இரண்டாம் நாள் போசியை உதைத்தது. மூன்றாம் நாள் சலித்துப்போய் விட்டுவிட்டது. முதல் இரண்டு நாளும் அடியில் மிஞ்சிய பாலுக்குத்தான் சீட்டு. அன்றுதான் நிறைந்த போசியை முதன்முதலாக முழுத் தூரமும் தூக்கிப் போனேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. இதையா இவள் இத்தனை வருஷமாகத் தூக்கினாள் என்று நினைத்தபோது நிஜமாகவே வெட்கமாக இருந்தது. சீட்டைக் கையில் வாங்கியதும் அந்த வெட்கம் போய்விட்டது.

சொசைட்டியில் பால் அளக்கும் சிசிலி சேச்சி தினமும் ஒரு மாதிரி சிரித்தார்.

"கோகுலே, பாலுக்குக் கொழுப்பு நாலு. ஆளுக்கு எத்தனைன்னு இந்த மெஷினில தெரியாது கேட்டோ."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சீட்டுகளை மாலையாகக் கோத்துக்கொண்டு கடை மாடி ஏறினேன். மற்ற இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வலது கையில் பகடையைப் பிடித்தபடி இடது கையை நீட்டினேன். ஜோமோன் கவரைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான். நானே பிரித்துச் சத்தமாகப் படித்தேன்.

'மாவீரனுக்கு வாழ்த்து. படி ஏறியவன் இறங்கக் கூடாது என்பது நியதி. ஆகவே விடியல் வேலை இனி என்றென்றும் வீரனுடையது, ஞாயிறு உட்பட. அந்தி வேலையும் சேர்ந்தால் பதினோராம் படி. இப்படிக்கு, வடகரை வேதாளம்.'

"இது செல்லாது!" என்றேன்.

"அச்சில வர்றதெல்லாம் செல்லும்னு நீதானே சட்டம் போட்ட? இதும் அச்சில வரும். கம்போஸிங் எல்லாம் தீர்ந்தாச்சு" என்றான் ஜோமோன்.

கவரில் இன்னொரு தாள் இருந்தது. யாருடையதோ ஆதார் அட்டையின் காப்பி. யாருடையதோ என்ன, படத்தில் பிரதீபா. திருப்பினேன். பின்பக்கத்தில், மை ஒரு ஓரம் ஈஷிய என் நாலாம் பக்கம். ஓரத்தில் நீலப் பேனாவில் அவள் கையெழுத்து:

'மாட்டு இன்சூரன்சுக்குக் குடுத்த காப்பி. மாட்டு டாக்டரம்மா முன்பக்கத்துல என்ற மொகத்தைப் பாக்கவே இல்லீங்க. பின்பக்கத்தைப் படிச்சுச் சிரிச்சு, வேற காப்பி கொண்டாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நான் காலேஜ்ல தமிழ்தான் படிச்சனுங்க. நீங்கதான் ஒருநாளும் கேட்டதில்லை.'

என் செல்போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏனுங்க."

கையிலிருந்த பகடை கீழே விழுந்து உருண்டது.

"என்ன?" என்றேன்.

"ஒன்னுமில்லீங்க. சும்மா, தூரம் பாத்தேன்."

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் நாலு கிலோமீட்டர்.