வெங்காயம் இல்லாத வெங்காயத்தாமரை

ஏரித் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று வேதகிரி ஒரே பிடிவாதமாக இருந்தார். உத்திரமேரூர்ப் பக்கத்து அந்த ஏரியில் வெங்காயத்தாமரை மண்டி மதகை அடைத்துக்கொண்டது. நவரைப் பட்டத்து நெல் நடவுக்குத் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் கரை என்று பிரித்து, அவரவர் பங்கை அவரவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஊர் முடிவெடுத்த அன்றே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி சுலோச்சனா கெஞ்சினாள், அதட்டினாள், குழம்பில் உப்பைக்கூடக் குறைத்தாள். இடுப்பு மசியவில்லை.

ஒரு நாள் காலை, மதகை ஒட்டிய தன் பங்குக் கரையோரம் சும்மா நின்றவர் திடீரென்று கத்தினார்.

"சுலோ! இது வெங்காயத்தாமரையே இல்ல! அதுக்குத் தண்டு வெங்காயம் மாதிரி உப்பிக்கினு இருக்கும். இதுல ஒரு வெங்காயமும் கெடையாது. நெட்டையா கீது பாரு. புதுச் செடி!"

திட்ட வாயெடுத்த சுலோச்சனா அப்படியே நிறுத்தினாள்.

"அப்டீங்களா? உங்க பேர வெப்பாங்களா?"

"வெச்சித்தான் ஆவணும்."

"வேரு இன்னா கலருங்க?"

பிடுங்கினால்தானே தெரியும்? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வேர் கருநீலமாக, கோழி இறகு போலத் தொங்கியது.

"பக்கத்துல கீறதும் இதே மாதிரிதானா?"

நியாயமான கேள்வி. இழுத்தார். கொடி போட்டுப் பின்னிக் கிடந்ததால் ஒன்றை இழுத்தால் ஒரு குடும்பமே வந்தது. அவள் வாங்கி வாங்கிக் கரையில் போட்டாள்.

"பூவு?"

"ஊதா. மேல் இதழ்ல மட்டும் மயில் கண்ணு மாதிரி மஞ்சப் புள்ளி, சுலோ! இத்தினி நாளா இத்த எவனும் பாக்கல!"

பார்த்துக்கொண்டே, பிடுங்கிக்கொண்டே போனார். செடிக்கூட்டம் முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் இடத்தில் எல்லாமே குட்டையாக இருந்தன. தண்டு உப்பியிருந்தது. ஒன்றைத் தூக்கினார். ஒரே கொடி. ஒரு முனையில் நெட்டை, மறு முனையில் வெங்காயம்.

"ஒரே செடிதான் சுலோ! நெரிசல்ல நெட்டையா போவுது, எடம் கெடச்சா உப்பிக்குது!"

பெயர் போனதே என்று வருத்தம். கண்டுபிடித்ததில் அதைவிடச் சந்தோஷம். கரையேறித் திரும்பிப் பார்த்தார். அவர் பங்கில் ஒரு இலை இல்லை. மதகில் தண்ணீர் சலசலத்தது. சுலோச்சனா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ இன்னாத்துக்கு?"

"ஊரு குரூப்புல போடத்தான். நம்ம பங்கு முடிஞ்சிடுச்சின்னு."

"அடிப்பாவி! தெரிஞ்சேதான் கேட்டுக்கினு இருந்தியா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? பக்கத்துப் பங்கு கல்பனாக்கா சொன்னாங்க, அவங்க எடத்துல பூவு வெள்ளையா பூத்துக் கீதாம்."

"வெள்ளையா? எங்க?" என்று கேட்டபோது வேதகிரி கல்பனாவின் பங்கில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.