பிரிட்டாவின் பங்கும் என் இழுவை லாரியும்

அன்பும் மரியாதையும் மிக்க வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் எழுதுவது. நானும் பிரிட்டாவும் ஒர்க்‌ஷாப்பும் நலம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். விஸ்கான்சினில் ஏப்ரல் பிறந்தும் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் இதுதான். பிரிட்டாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, கூடவே உதவித்தொகைக் கடிதமும் வந்தது. அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தேன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. ஞாயிறு சர்ச் விருந்தில் எழுந்து நின்று, "என் மகளுக்குக் கல்லூரியே எல்லாம் கொடுக்கிறது" என்று அறிவித்தேன். போதகர் கைதட்ட, ஊரே கைதட்ட, பிரிட்டா மட்டும் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னாள்: "அப்பா, இதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இனாம். மிச்சம் என் பங்கு. கொஞ்சம் என் பேர்ல கடன், கொஞ்சம் அங்கேயே சாப்பாட்டுக் கூடத்துல வேலை பார்த்துச் சம்பாதிக்கணும்." கடனைக்கூட உதவி என்று கூட்டிக் காட்டுவார்களா அக்கா?

மறுநாளே இழுவை லாரியை எடுத்துக்கிட்டு கல்லூரிக்கே போயிட்டேன். அதை அங்கே நிறுத்தினதுதான் தாமதம், தப்பான இடத்துல நிறுத்தின அவங்க காரை இழுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கேன்னு பசங்க நாலு பேரு சாவியோட ஓடி வந்தானுங்க. உதவித்தொகை அலுவலகத்துல திருமதி கின்டானான்னு ஒரு அம்மா. "ஏம்மா, ஒருத்தன் காரைச் சரி பண்றேன்னு வாங்கி, ஸ்பானரை அவன் கையிலேயே குடுத்து 'கீழ படுடா'ன்னா அதுக்குப் பேரு உதவியா?"ன்னேன். அந்தம்மா கோபப்படலை. "பாதிக்கு மேல வேலையை முடிச்சிட்டுத்தான் சார் ஸ்பானரைக் குடுக்கறோம். கடன் வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், இனாம் குறையாது. ஆனா அந்தப் பணம் வேற எங்கேருந்தாவது வரணும்"னாங்க. "நான் தரேன்"னு எழுந்து வந்துட்டேன். எதை வெச்சுன்னு அவங்க கேக்கலை. வழி முழுக்க நானே என்னைக் கேட்டுக்கிட்டேன்.

வந்ததும் லாரி கண்ணாடியில 'விற்பனைக்கு'ன்னு எழுதி ஒட்டினேன். பிரிட்டா பார்த்துட்டா. "இதை வித்துட்டு எதை வெச்சுப் பொழைப்பீங்க? நாலு வருஷம் இருக்குப்பா."

"படிக்கிற பொண்ணு தட்டு கழுவக் கூடாது."

"என் வயசுல நீங்க என்ன பண்ணீங்க?"

"தட்டுதான் கழுவினேன். ராத்திரி முழுக்க. காலையில வகுப்புல தூங்கினேன். அதோட படிப்பு போச்சு. அதான் சொல்றேன்."

லாரி படியில வந்து உக்காந்தா. அப்புறம், "உங்களுக்கு யாரும் பாதி குடுக்கலைப்பா. முழுசும் உங்க தலையில இருந்துச்சு. எனக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் வேலை. என் படிப்புல என் காசும் கொஞ்சம் இருக்கட்டுமே"ன்னா. அவ சொன்னது நியாயம்தான் அக்கா. ஆனாலும் மனசு கேக்கலை.

ஆகையால், அவளுக்குத் தெரியாமல் இந்த முதல் வருஷத்துக்கு மட்டும் அவள் பங்கை நீ கடனாக அனுப்பினால், லாரி விற்றதும் திருப்பித் தந்துவிடுவேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் எலுமிச்சை மரம் நிறையக் காய்க்கட்டும்.

உன் தம்பி,
ஆர்வில்

பி.கு: பணம் அனுப்பாதே. இப்பத்தான் ஒருத்தர் லாரியை வாங்க வந்தார். நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பிரிட்டா அவர்கிட்ட கியர் பாக்ஸ், பிரேக், அடியில இருக்கிற துரு எல்லாத்தையும் விலாவாரியாச் சொல்லி அனுப்பிட்டா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான், திட்டவும் முடியலை. கடன்ல பாதி வேணாம்னு எழுதிட்டாளாம், அந்தப் பாதியை லாரி ஓட்டி நான் மாசாமாசம் தந்தா போதுமாம், வேலைக்குச் சரின்னுட்டாளாம். ஆகஸ்ட்ல நான்தான் கொண்டுபோய் விடணும். வாசலோட இறக்கிவிட்டுடணும், உள்ளே வந்து யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு கண்டிஷன். சரின்னு சொல்லியிருக்கேன். ஆனா உள்ளே போகத்தான் போறேன்.