உப்புப் பார்க்க ஆளில்லை

"வாயத் தொறடா."

காசிம் திறக்கவில்லை. உதடுகளை உள்ளே மடித்துப் பல்லுக்கிடையில் பூட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். ஜுபைதாவின் விரல்களில் இட்லித் துண்டு ஆறிக்கொண்டிருந்தது.

"காலங்காத்தால என்னடா வெளையாட்டு? தொறங்கறேன்ல."

வாய் திறந்தது. ஆனால் பேசுவதற்கு மட்டும்.

"நான் இன்னிக்கு நோம்பு."

"என்னது?"

"நோம்பும்மா. பெரியவங்க வெக்கிற மாதிரி. ஃபுல் நோம்பு."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஐந்து வயது மைமூன் எட்டிப் பார்த்தாள். "நானும் ஃபுல்லு."

எண்பத்தாறாம் வருஷத்து மே மாதம். முழுப் பரீட்சை லீவும் ரமலான் மாதமும் சேர்ந்து வந்திருந்தன. காலை எட்டு மணிக்கே காரிமங்கலத்தில் தெருப் புழுதி காலைச் சுட்டது. ஜுபைதா நோன்பு. அவள் புருஷன் அப்துல் ரஷீத்தும் நோன்பு. விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு லுங்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டுச் சந்தைக்கு பஸ் ஏறிவிட்டான். பெரியவர்கள் நோன்பு வைப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. காசிமுக்கு எட்டு வயது. அதுகூடப் பரவாயில்லை. மார்ச் மாதம் அவனுக்கு டைபாய்டு வந்து இருபத்தோரு நாள் பாயில் கிடந்தான். "ரெண்டு மூணு மாசத்துக்கு இவன் வயிறு காயக் கூடாதும்மா. வேளா வேளைக்கு ஏதாவது உள்ள போகணும்" என்று தர்மபுரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றிலிருந்து மகனின் வயிற்றுக்கு ஜுபைதாதான் காவல்.

"விடியறதுக்கு முன்னால சகருக்குச் சாப்பிடவே நீ எந்திரிக்கலியேடா. அப்புறம் எப்படி நோம்பு?"

"கனவுல எந்திரிச்சேன்."

"ஒனக்குக் கடமையில்லடா தங்கம்."

"வெக்கக் கூடாதுன்னும் இல்லியே?"

ஜுபைதா இட்லியைத் தட்டில் போட்டாள். பஸ் நிற்காத இடத்தில் கையைக் காட்டி, பஸ் நின்ற பிறகுதான் கையை இறக்குகிற பெண் அவள். பொழுது சாய்வதற்குள் இந்தப் பையன் வயிற்றுக்குள் ஏதாவது போயாக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

"சரி, அரை நோம்பு வை. பகல்ல பாங்கு சொன்னதும் சாப்ட்ரு. சின்ன வயசுல நாங்கெல்லாம் அப்படித்தான் வெச்சோம்."

"பாதிப் பரீட்சை எழுதிட்டு எந்திரிச்சு வந்தா பாஸ் போடுவாங்களாம்மா?"

சொல்லிவிட்டுத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

பத்து மணிக்கு இரண்டும் திரும்பி வந்தன. முகம் வாடவில்லை. மினுமினுவென்று இருந்தது. ஜுபைதா காசிமைக் கிட்டே இழுத்தாள். காய்ச்சல் வருவதற்கு முன்னால் போன தடவையும் இப்படித்தான் மினுமினுத்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. இனிமேல்தான் சுடும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாலில் சேமியா காய்ச்சி முந்திரி வறுத்துப் போட்டாள். கிண்ணத்தை ஒரு பக்கமும் காலி பிஸ்கட் டப்பாவை ஒரு பக்கமும் வைத்துவிட்டு இருவரையும் உட்கார வைத்தாள்.

"எங்கம்மா ஊர்ல சின்னப் புள்ளைங்க என்ன செய்வாங்க தெரியுமா? நோம்ப எடுத்து டப்பாவுல வெச்சு மூடிருவாங்க. சாப்ட்டு முடிச்சுட்டு, கை கழுவிட்டு, மறுபடியும் எடுத்து வெச்சுக்குவாங்க. நோம்பும் இருக்கும், வயிறும் நெறையும்."

மைமூனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. காசிம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்படி எடுக்கறது?"

"வாய்கிட்ட கைய வெச்சு எடுக்கணும்."

எடுத்தான். டப்பாவுக்குள் பத்திரமாக இறக்கினான். மைமூன் மூடியைப் போட்டு, ரெண்டு குத்து விட்டு, மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப சாப்டு."

"இருங்கம்மா. திருப்பி எடுக்க வருதான்னு பாத்துட்டு சாப்பிடறேன்."

வரவில்லை. மைமூனின் குத்தில் மூடி இறுகிப் போயிருந்தது. காசிம் இழுத்தான். ஜுபைதா இழுத்தாள். கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள், காம்பு வளைந்தது. டப்பாவை இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முந்தானையால் மூடியைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். மூடி கழன்று சுவரில் மோதியது. டப்பா உருண்டு சேமியாக் கிண்ணத்தைக் கவிழ்த்தது.

"ஐயோ, பறந்துருச்சு!" என்று மைமூன் வீறிட்டாள்.

"என்னடி பறந்துருச்சு?"

"அண்ணன் நோம்பு!"

காசிம் எழுந்து பாய்ந்தான். காற்றில் இரண்டு கையாலும் லபக்கென்று எதையோ பிடித்து வாயில் போட்டுக்கொண்டு உதட்டை இறுக்கி மூடினான். கொஞ்ச நேரம் கழித்து ஓரமாகத் திறந்து சொன்னான்:

"புடிச்சுட்டேன். இனிமே எறக்க மாட்டேன்."

பாலில் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டே ஜுபைதா யோசித்தாள். வார்த்தைக்கு மசியாத பிள்ளை வாசனைக்கு மசியும்.

வாசலில் அனல் அடித்தது. தகரக் கூரை போட்ட சமையல் கட்டில் அதைவிட இரண்டு மடங்கு. ஜுபைதா அடுப்பை மூட்டி வாணலியை ஏற்றினாள். முதலில் வெங்காயப் பக்கோடா. பிறகு முட்டைப் பொரியல். அதற்குப் பிறகு, நோன்பு திறப்புக்கென்று வாங்கி வைத்திருந்த கறி. இவளுக்குத் தொண்டைக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. எச்சில் விழுங்கக்கூட மிச்சமில்லை. இருந்தாலும் முறத்தை எடுத்து வாசனையைக் கூடத்துப் பக்கமாக விசிறினாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. அடுப்ப அணைச்சுட்டு வந்து படுங்க."

ஜுபைதா மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள். வாசனை குத்துகிறது. பையன் ஆட்டம் காண்கிறான். இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளினாள்.

கறி கொதித்ததும் ஒரு வழி தோன்றியது. நோன்பு மாதத்தில் அந்த வீட்டில் உப்புப் பார்க்கிறவன் காசிம்தான். பெரியவர்கள் பகலில் ருசி பார்க்க முடியாது. அதனால் எந்தக் குழம்பானாலும் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து அவன் உள்ளங்கையில் விடுவாள். நக்கிப் பார்த்து, தாசில்தார் மாதிரி "இன்னும் ஒரு கல்லு போடலாம்" என்று உத்தரவு போடுவான். போன மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது.

"காசிமு, வா சாமி. உப்புப் பாரு."

"நான் நோம்பும்மா."

"நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிரு. ஒண்ணும் ஆவாது."

"அப்ப நீங்களே வெச்சுப் பாத்துட்டுத் துப்புங்க."

ஜுபைதா மைமூனைத் திரும்பிப் பார்த்தாள். மைமூனின் நாக்கு அதுவாகவே வெளியே வந்து கரண்டியை நோக்கி நீண்டது. காசிம் தொண்டையைச் செருமினான். நாக்கு உள்ளே போய்விட்டது.

இந்தத் தகராறில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது ஜுபைதாவுக்கு மறந்துபோனது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை போட்டாள். கால் மணி நேரம் கழித்து அதே சந்தேகம் திரும்ப வந்தது. இன்னொரு கை போட்டாள்.

பிள்ளைகள் மறுபடியும் வெளியே போய், மறுபடியும் மினுமினுப்போடு திரும்பி வந்தன. மணி நாலு. பையன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பள்ளிவாசல் மோதினார் அப்துல் சுபான், கஞ்சிக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பாங்கு சொல்கிற வாய். அவர் சொன்னால் பையன் கேட்காமல் இருக்க முடியாது. ஜுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"மாமா, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க. இவன் நோம்பு வெச்சிருக்கான். உடம்பு சரியில்லாத புள்ளைக்கு நோம்பு வேணாம்னு நீங்களே வாயால சொல்லுங்க."

மோதினார் உள்ளே வந்தார். காசிமை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைபாய்டு வந்து படுத்திருந்தானே, அந்தப் புள்ளையா?"

"ஆமாங்க மாமா."

"ஏம்ப்பா, பசிக்குதா?"

"இல்லீங்க." இதை மட்டும் அவன் சத்தமாகச் சொன்னான்.

"தாகம்?"

"துளிகூட இல்லீங்க."

மோதினாரின் கண் கலங்கியது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா ஜுபைதா, நான் கல்லு மாதிரி இருந்த காலத்துலயே பதினாலு வயசுலதான் தல நோம்பு வெச்சேன். அதுலயும் கெணத்துல குளிக்கிற சாக்குல ரெண்டு மடக்கு உள்ள போயிருச்சு. இது நோயில எந்திரிச்ச புள்ள! இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குது. இப்பப் போயி உடைக்கச் சொல்றதா? ஆறு மணிக்கு நான் மாலையோட வர்றேன். ஜமாத்துல எல்லார் முன்னாலயும் இவனுக்குப் போடணும்."

"மாமா, நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா..."

அதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

ஐந்து மணிக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்கு பேர் வந்து காசிமின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். தையல்கார ஹமீதுன்னிசா புதுத் தொப்பி ஒன்று கொண்டுவந்து தலையில் கவிழ்த்தாள். காலையிலிருந்து வாடாத காசிமின் முகம் இப்போது வெளுத்தது. நெற்றியில் வேர்த்தது.

"பாத்தியா அக்கா, மயக்கம் வருது" என்று ஜுபைதா பதறினாள். "அப்பவே சொன்னேன், யாராச்சும் கேட்டீங்களா?"

ஆறு மணிக்கு மோதினார் சாமந்தி மாலையோடு வந்தபோது பையனைக் காணோம்.

திண்டாட்டம் ஆரம்பமானது. மயங்கி எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று ஜுபைதா கொல்லைக்கும் வாசலுக்குமாக ஓடினாள். "காசிமு! காசிமு!" ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் தொண்டை கிழிந்தது. கடைசியில் மைமூன்தான் கட்டிலுக்கு அடியில் விற்காமல் கிடந்த லுங்கி மூட்டைகளின் பக்கம் விரலை நீட்டினாள். இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு பாதம் தெரிந்தது. மோதினார் அதைப் பிடித்து இழுத்தார்.

"மாலை வேணாம்! எனக்கு மாலை வேணாம்!" என்று அழுதுகொண்டே வெளியே வந்தான் காசிம்.

"பாத்தீங்களா!" மோதினார் கூட்டத்தைப் பார்த்தார். "பெருமைகூட வேணாங்குது. எந்தப் புள்ள இப்படிச் சொல்லும்?"

ஹமீதுன்னிசா மூக்கை உறிஞ்சினாள். ஜுபைதாவும் அழுதாள். பாதி பெருமை, பாதி டைபாய்டு. மாலை, காசிமின் கழுத்தில் விழுந்து முழங்கால் வரை தொங்கியது. அவனைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து மோதினார் ஓட்டிக்கொண்டு போனார்.

நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்து, அப்துல் ரஷீத் மகனோடு வீட்டுக்கு வந்தான். சந்தையிலிருந்து வந்து இறங்கிய பஸ் ஸ்டாண்டிலேயே செய்தி கேட்டு நேரே பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். மார்பு நிமிர்ந்திருந்தது. ஒரு கையில் கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் காசிம். மாலையைக் காசிம் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"ஜமாத்தே எந்திரிச்சு நின்னுச்சு ஜுபைதா! ஆனா பாரு, கஞ்சி ரெண்டு வாய்க்கு மேல குடிக்க மாட்டேங்கறான். வயிறு சுருங்கிப் போச்சு போல."

ஜுபைதா தட்டுகளைப் பரப்பினாள். பக்கோடா, முட்டை, கறி, இரண்டாவது முறை காய்ச்சிய சேமியா. ரஷீத் கறியை ஒரு வாய் வைத்தான். கண் ஒரு தடவை மூடித் திறந்தது. அடுத்தடுத்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"நல்லா இல்லீங்களா?"

"நல்லாருக்கு. தாகம், அவ்ளோதான்."

காசிம் எதையும் தொடவில்லை. மைமூன் ஒரு பக்கோடாவை எடுத்து, கடித்து, மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

ஜுபைதா சுவரில் சாய்ந்தாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற கால் இரண்டும் வீங்கியிருந்தன. புருவம்கூடக் கருகியிருந்தது. ஆனால் குரல் மட்டும் தளரவில்லை.

"நாளைக்கு எப்படி நோம்பு வெக்கறீங்கன்னு பாக்கறேன். ஆறு மணிக்கே அடுப்ப மூட்டறேன். கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறேன். நெய்ச்சோறு, பாயாசம், பெருநாளுக்குச் செய்யற முறுக்குகூடச் சுடறேன். பொழுதுக்கும் அடுப்பு எரியட்டும். நானா இவனான்னு பாத்துடறேன்!"

காசிம் திகிலோடு நிமிர்ந்து பார்த்தான்.

கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்ற பின்வீட்டு ராமக்காள், அதைக் கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"அடிப்பாவி மவளே, நேத்து களி கிண்டறப்ப நீ தல சுத்தி உக்காந்துட்டியாமே, 'நோம்பு முடியற வரைக்கும் எங்கம்மா பகல்ல அடுப்பு மூட்டக் கூடாது பெரிம்மா, நாங்களும் நோம்புன்னு சொல்லிட்டு இங்கயே சாப்ட்டுக்கறோம்'னு சொல்லி, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இந்த ரெண்டும் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, விடிஞ்சதுல இருந்து வேளா வேளைக்கு எங்க வூட்டுல தின்னுட்டுத்தானே வந்துச்சுங்க!"