பழனியாண்டி கம்பி பிடித்த பெருங்காதை

வாழ்க பழனியாண்டி! அக்கரப்பத்தனைத் தேயிலைமலைக் குளிரை அரைக்கைச் சட்டையோடு எதிர்த்து நின்றவன் வாழ்க! கவ்வாத்துக் கத்தியை அவன் ஓங்கினால், முற்றிக் கிளைத்த தேயிலைச் செடி வெட்டு விழும் முன்னரே தலைகுனிந்து குட்டையாகிவிடும் என்று கங்காணியே ஒருமுறை வாய்தவறிப் புகழ்ந்த கைவல்லோன் வாழ்க! வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முன்னிற்போன், மலையிலிருந்து விழும் பீலித்தண்ணீரில் விடியுமுன் குளிப்போன், காலில் ஏறிய அட்டையையும் கடிந்து பேசாத கருணையாளன், வரிசை வீடுகளாகிய மேல்லயத்தில் கடைக்கோடி ஒற்றையறைக் காம்பராவின் கோமகன், ஒரு கம்பியைப் பிடித்த பிடி விடாமல் நின்று தன் சொல்லைக் காத்த திருக்கதையைப் பாடப் புகுந்தேன். மலைமேல் வீற்றிருக்கும் மாரியாத்தா, வந்து என் நாவில் அமர்வாயாக! அமர நேரமில்லையென்றால் ஓரமாக நின்றாவது கேள். இந்த வழக்கில் உனக்கும் பங்கு இருக்கிறது.

என்ன பங்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். குணக்குன்றாகிய நம் நாயகனிடம் குறை ஒன்று இருந்தது, மறைப்பானேன், குடிப்பான். குடித்தால் ஊரையே உறவு என்பான், உறவை ஊர் என்பான், வீட்டு வாசல் எது என்பதை மட்டும் மறந்துபோவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் மனையாட்டி, கனல்விழியும் கடுஞ்சொல்லும் கறிக்குழம்பில் நிகரற்ற கைமணமும் வாய்ந்த காளியாயி, ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கொத்மலையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நாயகன் பின்னாலேயே போய்க் கெஞ்சினான். தேர்த்திருவிழாவன்று மாரியம்மன் சந்நிதியில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, “இனி அந்தச் சனியனைத் தொட மாட்டேன்” என்று சத்தியம் செய்தான். அதன்பிறகே அவள் திரும்பி வந்தாள். வந்தாளே தவிர மூட்டையை அவிழ்க்கவில்லை. “இன்னொரு பொய்யி எங் காதுல விழட்டும், மறுநா மொத பஸ்ஸுல கொத்மலைக்குப் போயிருவேன்” என்று லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தும் வைத்தாள்.

நாயகனோ சத்தியத்துக்குப் பின் ஒரு சொட்டும் தொடவில்லை. எல்லாம் அறிந்த நான் சொல்கிறேன், நம்புங்கள். சிக்கல் என்னவென்றால், காளியாயி என்னிடம் கேட்கவில்லை.

இஃது இவ்வாறிருக்க, அந்நாளில் ஞாயிறுதோறும் மாலையில், கொழும்பிலிருந்து காற்றிலேறி மலையேறி வந்துகொண்டிருந்தது ‘சுடர்வேல்’ என்னும் தொடர்நாடகம். ஏழு தீவுகள், எண்ணற்ற அரக்கர்கள், பேசும் பாறை, பறக்கும் பாய்மரம் இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு மந்திரவேல். தகுதியுள்ளவர் தொட்டால் அது சுடர்விடும். மற்றவர் தொட்டால் வெறும் இரும்பு. ஒருமுறை ஒருவரோடு அதற்குப் பிணைப்பு விழுந்துவிட்டால், அவரே உதறினாலும் போகாது. அந்த வேலுக்கு இளவரசன் இளங்கதிரனும் உரிமை கோரினான், அவனைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த தோணிக்காரன் கீரனும் உரிமை கோரினான். வேல் யாரைத் தேரும் என்ற கேள்வியோடு போன வாரம் சங்கை ஊதி முடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு வாரமும் மலையில் கொழுந்து பறித்த கைகளைவிட வாய்களே அதிகம் உழைத்தன. இளவரசன் அரசகுலத்தான் அல்லனோ என்றார்கள் கங்காணிமார். ஏழைக் கிழவி வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, அவள் பேரைக்கூடக் கேட்காமல் எழுந்துபோன பயலுக்கா வேல் என்று கொதித்தார்கள் பெண்கள். தோணிக்காரனிடமும் ஒரு குற்றம் கண்டார்கள்: இரண்டாம் வாரத்தில், ஆழம் தெரியாமலே தெரியும் என்று சொன்னான். இப்படிக் குணம் நிறுத்துப் பார்த்ததில் தேறியவர் இருவரிலும் ஒருவருமில்லை. சுடர்வேலை யாருக்குத்தான் கொடுப்பது என்று ஊரே கவலையில் ஆழ்ந்தது.

அந்த ஊருக்கு இருந்தது ஒரே வானொலிப் பெட்டி. சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சின்னதுரை விட்டுச்சென்றதை வாங்கி வைத்திருந்தான், தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் அலோசியஸ். ஞாயிறு மாலையில் அதை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு பெஞ்சின்மேல் வைத்து, தன் மனைவி ஜோசப்பின் பின்னிய பூத்துணியை விலக்குவான். அதைக் காணவே கூட்டம் கூடும். ஆனால் வேல் துணையைத் தேரவிருந்த ஞாயிற்றுக்கு முந்தைய நாள் அடித்த காற்றில், பேரிக்காய் மரத்தோடு கட்டியிருந்த ஏரியல் கம்பி அறுந்துபோனது. நாடகம் தொடங்கும் நேரம். பெட்டி, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் பொரிந்தது. பதறிய அலோசியஸ் தொங்கிய கம்பியைக் கையில் எடுத்தான். உடனே குரல் வந்தது. விட்டான், போனது. எடுத்தான், வந்தது. ஆனால் அவனுக்கோ இன்னொரு கடமை இருந்தது. குமிழைப் பிடித்துச் சற்றுச் சற்றுத் திருகிக்கொண்டே இராவிட்டால் பெட்டி வேற்று நாட்டுப் பாஷை பேசத் தொடங்கிவிடும். ஆகவே அவன் எழுந்து நின்று முழங்கினான்:

“பெட்டிய யாரும் தொடப்படாது. திருகுறது நானு. கம்பியப் பிடிக்க ஒரு ஆளு வாங்க!”

முதலில் முன்வந்தவர் வீரய்யா கங்காணி. அவர் பிடித்ததும் பாதிக் குரலும் பாதி இரைச்சலுமாக வந்தது. கூட்டத்தில் யாரும் வியக்கவில்லை. கங்காணி பாதி நல்லவர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. இதைக் கண்ட ஜோசப்பினின் உள்ளத்தில், அரைத்த தேயிலை கணத்தில் நிறம் மாறுவதுபோல், ஒரு கொள்கை உதித்தது. கையை உயர்த்தி அவள் கூவினாள்:

“இந்தா பாருங்க, இது சும்மா இல்ல! அந்த வேலு மாதிரித்தான் இந்தக் கம்பியும். மனசுல பொய் இல்லாதவங்க கை பட்டாத்தான் பேசும்!”

அடுத்து வந்தான் சோலைமலை. டயகமக் காட்டில் சிறுத்தையைக் கல்லால் அடித்து வீழ்த்தியதாகச் சொல்லித் திரிபவன். சாராயத்தைக் கண்டால் சொந்தத் தம்பியைக் கண்டதுபோல் உருகுபவன். இவன் வாயிலிருந்து உண்மை வருவது மார்கழியில் வெயில் வருவதுபோல். அவன் கம்பியைத் தொட்டானோ இல்லையோ, கோயில் மணிபோல் கணீரென்று ஒலித்தது நாடகத்து முனிவரின் குரல்! கூட்டம் வாய்பிளந்தது. அறிவுடையோர் இந்த இடத்தில் ஜோசப்பினின் கொள்கையைக் கைவிட்டிருப்பார்கள். நம்மவர்களோ கொள்கையை வைத்துக்கொண்டு சோலைமலையைத் திருத்திக்கொண்டார்கள். ‘அப்படியானால் அந்தச் சிறுத்தை நிசந்தான் போல’ என்ற முணுமுணுப்பு இஸ்தோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. சோலைமலையே ஒருகணம் நம்பிவிட்டான்.

நாடகம் நடந்தது. முனிவர் சுடர்வேலை நடுமண்டபத்தில் நட்டார். இளவரசன் இடப்பக்கம், தோணிக்காரன் வலப்பக்கம். “சுடர்வேலே, உன் துணையை நீயே தேர்ந்துகொள்!” என்று அவர் முழங்கிய அந்தப் பொல்லாத நேரத்தில்தான், தலைக்குமேல் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்த சோலைமலைக்குக் கை கடுத்தது. பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான்.

“பங்காளி, செத்த பிடி. ஒரு வாய் வெத்தல போட்டுக்கிறேன்.”

பக்கத்தில் நின்றவன் பழனியாண்டி. சூதறியா நெஞ்சினன், உதவி என்றால் ஓடிவருவோன், மகிழ்ந்து கை நீட்டிக் கம்பியை வாங்கினான். வாங்கிய கணத்திலே, அம்மம்மா! கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டினாற்போல் எழுந்தது இரைச்சல். முனிவர் மறைந்தார், மண்டபம் மறைந்தது, ஏழு தீவும் மூழ்கின. எல்லாத் தலைகளும் நாயகன் பக்கம் திரும்பின. பிறகு, சொல்லவும் வேண்டுமா, எல்லாத் தலைகளும் காளியாயி பக்கம் திரும்பின.

அவள் எழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். தாழ்ந்த குரலில், ஆனால் ஒருவர் காதும் தப்பாதபடி சொன்னாள்:

“சூடம் அணச்ச கையி அது. இப்ப அந்தக் கையே சொல்லிருச்சு.”

வீரர்காள், வாளால் பட்ட புண்ணுக்கு மருந்து உண்டு. இதற்கு என்ன மருந்து? பொய் சொல்லிப் பிடிபட்டவன் படும் வெட்கம் சின்னது. உண்மை சொல்லிப் பிடிபட்டவன் படும் பாடு பெரிது. பழனியாண்டியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எத்தனை மாலை சாராயக்கடைப் பாதையை விட்டு மேட்டைச் சுற்றி நடந்து வந்தான்! எத்தனை முறை கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுத்தும் உதறிவிட்டு வந்தான்! அதற்கெல்லாம் சாட்சி ஒருவருமில்லை. எதிர்ச்சாட்சியோ பெஞ்சின்மேல் உட்கார்ந்து ஊர்கேட்கக் கத்திக்கொண்டிருந்தது.

“குடுய்யா இங்க! வேலு போயிருச்சு, வேலு போயிருச்சு!” என்று அலறிக்கொண்டு பாய்ந்தான் சோலைமலை, வாயில் பாதி வெற்றிலையோடு. நாயகன் கொடுக்கவில்லை. கொடுத்தால் முடிந்தது, கம்பி கைமாறிய கணமே குரல் வரும், குரல் வந்த கணமே இவன் பொய்யன் என்று தீர்ப்பாகும், விடிந்தால் முதல் பஸ். ஆகவே மலைபோல் நின்றான். கம்பியை வலக்கையில் பிடித்தான், இடக்கைக்கு மாற்றினான், இரண்டிலும் பற்றினான். பெஞ்சில் ஏறினான், இறங்கினான். ஒற்றைக்காலில் நின்றான். சூரியன் போன திசையைப் பார்த்தான், மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்தான். பெட்டியோ அவன் ஒவ்வொரு தவத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பொரிந்தது. சோலைமலை கம்பியின் வாலைப் பிடித்து இழுக்க, நாயகன் தலையைப் பிடித்து இழுக்க, குமிழைவிட்டு எழமுடியாத அலோசியஸ் இருவரையும் காலால் உதைக்க, இஸ்தோப்பே போர்க்களமாயிற்று. அந்த அமளியின் நடுவே விண்ணதிர எழுந்தது நாயகனின் சூளுரை:

“ஆத்தா மேல ஆணையா நான் தொடல! எங் கையி பொய்யில்ல, இந்தப் பெட்டிதான் பொய்யி!”

கொழும்பிலிருந்து பேசும் பெட்டியைப் பொய்யென்று சொல்ல ஒருவன் துணிந்ததைக் கேட்டுக் கூட்டம் நடுங்கியது. ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது எழுந்தாள் காளியாயி. கூட்டம் தானாக வழிவிட்டது. தலைநிமிர்ந்து, பல்லைக் கடித்து, கொண்டையை இறுக்கிக்கொண்டு அவள் நடந்து வந்த வேகத்தைக் கண்டு சோலைமலை கம்பியின் வாலை விட்டான், வெற்றிலையையும் விழுங்கினான். ஊரார் முன் இந்தக் கூத்து போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. “விடுய்யா கம்பிய! வா வீட்டுக்கு!” என்று சொல்லி, கணவனின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

இரைச்சல் நின்றது.

சங்கு முழங்கியது. முரசு அதிர்ந்தது. “வாழ்க! வாழ்க! வேலுக்கு உரியவர் வாழ்க!” என்று ஏழு தீவு மக்களும் பனியடர்ந்த அக்கரப்பத்தனை லயத்து வாசலில் திரண்டுவந்து கூவினாற்போல், பிசிறின்றி, தெள்ளத்தெளிவாக எழுந்தது ஒலி. திகைத்துப்போன காளியாயி கையை எடுத்தாள், பெட்டி பொரிந்தது. “புடி தாயி, புடி!” என்று கங்காணி முதல் கைக்குழந்தைக்காரி வரை ஒரே குரலில் கெஞ்சினார்கள். பிடித்தாள், ஏழு தீவும் மீண்டன. இது ஏன் என்று கேட்காதீர்கள். எல்லாம் அறிந்தவன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, வானொலி அதில் சேராது.

“பாத்தீங்களா?” என்றாள் ஜோசப்பின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒத்தையா இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் தகுதி!” கொள்கை மறுபடி பிழைத்துக்கொண்டது.

அப்படியே நின்றார்கள் இருவரும், ஊர் பார்க்க, ஒருவர் கையை ஒருவர் பற்றி, மணமேடையில்கூட இவ்வளவு நேரம் நின்றிராத கோலத்தில். அவள் அவனைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். அவனும் பெட்டியைப் பார்த்தான். “நெசமாவே தொடலயா?” என்று அவள் பெட்டியிடமே கேட்டாள். “தொடல புள்ள” என்றான் அவனும் பெட்டியிடமே.

நாடகம் முடிந்தது. சவர்க்கார விளம்பரமும் வந்துபோனது. மரண அறிவித்தல்கள் வாசிக்கப்பட்டபோதுதான் சோலைமலைக்கு உறைத்தது: வேல் யார் கைக்குப் போனதென்ற பெயரை இரைச்சல் விழுங்கிவிட்டது, அதை ஒருவரும் கேட்கவில்லை. இளவரசனா, தோணிக்காரனா என்று இருட்டும்வரை அடித்துக்கொண்டார்கள். அலோசியஸ் பெட்டியை அணைத்துப் பூத்துணியைப் போர்த்தினான். பேச்சு நின்ற பெட்டியின் முன்னால், வேலையே இல்லாத அந்தக் கம்பியை, பழனியாண்டி பிடித்தபடியே இருந்தான். அவன் மணிக்கட்டைக் காளியாயியும் பிடித்தபடியே இருந்தாள். மலைமுகடெங்கும் பனி இறங்க, மாரியாத்தாளின் கோயில் விளக்கு மினுங்க, மெய்யின் வேந்தனும் மானத்தின் மாமலையும் மந்திரப்பிணைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டோனுமாகிய மேல்லயத்துக் கோமகன் தன் தேவியோடு வெற்றியுலா வந்து கடைக்கோடிக் காம்பராவின் வாசலை மிதித்தான்.

காளியாயி அவனை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, சோறு போட்டாள்.