எரிமலைக்குப் போட்டியாக இரண்டு போத்தல் பொடி

பொறாமை பிடித்தவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. நான் ஒத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் திருகோணமலையில் இரசாயனவியல் படிப்பித்தபோது, சக ஆசிரியை நசீமா மேல் எனக்கிருந்த பொறாமையை ஏற்றியிருந்தால் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று மூழ்கியிருக்கும். (அவர் கிண்ணியாவிலிருந்து படகேறி வந்தும் நேரத்துக்கு நிற்பார். அடுத்த தெருவிலிருந்து நடந்து போகும் நான் பிந்துவேன்.)

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. தெரிவாகும் ஆசிரியர் ஒருவர் மட்டக்களப்புக் கண்காட்சிக்குப் போகலாம். நசீமா எரிமலை செய்கிறார் என்று அறிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தடித்த புத்தகமொன்றில் தேடிப் பிடித்தேன்: கிப்சைட் என்ற அலுமினியம் ஐதரொட்சைட்டுக் கனிமத்தைத் தண்ணீரோடு இறுக மூடிச் சூடாக்கினால், தண்ணீருக்குள் இருந்துகொண்டே தனக்குள் கட்டுண்ட தண்ணீரில் ஒரு பங்கை விட்டு, போமைட் என்ற வேறு கனிமமாகிவிடுமாம். எரிமலை எம்மாத்திரம்! அண்ணியின் புதுப் பிரஷர் குக்கரைக் கெஞ்சி வாங்கி, கிப்சைட் பொடியை இரண்டு மணி நேரம் அவித்தேன்.

கண்காட்சியில் நசீமாவின் எரிமலை தீப்பொறி கக்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் மேசையில் இரண்டு போத்தல்கள். அவிக்காததில் வெள்ளைப் பொடி. அவித்ததிலும் வெள்ளைப் பொடி.

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே கிடக்கு, டீச்சர்?" என்றார் கல்வி அதிகாரி.

"உள்ளுக்கை மாறிட்டுது, சேர். கண்ணாலை பாக்க ஏலாது."

அவர் நகரப் பார்த்தார். நசீமா ஓடி வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க, சேர். கிப்சைட் சுடு எரிசோடாவில கரைஞ்சிரும். போமைட் லேசில கரையாது. சோதிச்சுப் பாப்பம்."

என் கனிமமும் இவருக்குத் தெரியுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நசீமா இரண்டு பொடியையும் இரண்டு சோதனைக் குழாய்களில் போட்டு, எரிசோடாக் கரைசல் விட்டுச் சூடாக்கினார். அவிக்காத பொடி கரைந்தது. நான் அவித்த பொடியும் மிச்சமில்லாமல் கரைந்தது. ஆட்டிறைச்சி அவிகிற சூடு போமைட்டுக்குக் காணாது என்பது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. அவசரத்தில் நான் அதைப் புரட்டவேயில்லை.

எரிமலை மட்டக்களப்புக்குப் போனது. துணைக்கு என்னையும் கூட்டிப் போகச் சொல்லி அதிபரிடம் கேட்டவர் நசீமாதான். அந்த நல்ல மனதுக்காகவும் அவர் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே பஸ்ஸில் போனேன்.

இப்போதும் வீட்டில், "நான் முந்தின மாதிரி இல்லை, மாறிட்டன்" என்று நான் வாய் திறந்தால் போதும். என் கணவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமலே சொல்வார்:

"ஓமோம். எதுக்கும் நசீமா டீச்சரைக் கொண்டு ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம்."